அழுது காட்டிய குழந்தை

அன்புள்ள ஆசிரியருக்கு,

தோழி ஒருத்தி கொடுத்தாள் என்று அமெரிக்க நடிகை ஜெனட் மெக்கர்டியின் தன்வரலாற்றை வாங்கிப் பாதிவரை படித்து மூடிவைத்துவிட்டேன். பள்ளி நாட்களில் 'ஐகார்லி' தொடரில் சாம் என்ற அடாவடிப் பெண்ணாக அவரைப் பார்த்து ரசித்தவள் நான். 'ஐ'ம் கிளாட் மை மாம் டைட்' என்று, அம்மா செத்ததில் எனக்கு மகிழ்ச்சி என்று, ஒரு மகள் தன் புத்தகத்துக்குப் பெயர் வைப்பாளா? அட்டையில் அஸ்திக் கலசத்தைக் கையில் ஏந்தி நிற்பாளா? அந்த அம்மா புற்றுநோயில் இறந்தவர். எழுந்து வந்து பதில் சொல்ல முடியாதவர். மகளை நட்சத்திரமாக்கியதும் அவர்தான். குடும்பப் பிணைப்பு தளர்ந்துபோன நாட்டில்தான் இப்படிப்பட்ட புத்தகங்கள் வரும் என்று எனக்குத் தோன்றுகிறது. தன்வரலாறுகளைப் பற்றி அடிக்கடி எழுதுகிறவர் நீங்கள். இறந்தவரைப் பற்றி இப்படி எழுதுவது அறமா என்று உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். என் அம்மா சென்ற ஆண்டு காலமானார். அதனால்தானோ என்னவோ, இந்தப் புத்தகத்தை என்னால் தாங்க முடியவில்லை.

— வி.

அன்புள்ள வி.,

உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகளை முதலில் எழுதியிருக்கலாம். அம்மாவை இழந்து ஓராண்டுகூட ஆகாத ஒருவர் அந்தப் புத்தகத்தைப் பாதியில் மூடியதற்கு வேறு காரணம் எதுவும் தேவையில்லை. அறம், பிணைப்பு, நாகரிகம் என்று பெரிய சொற்களைத் துணைக்கு அழைத்திருக்கவும் வேண்டாம். ஆனால் அழைத்துவிட்டீர்கள். குழந்தை நடிகர்களைப் பற்றியும் அவர்களுக்காக கலிபோர்னியாவில் எழுதப்பட்ட சட்டங்களைப் பற்றியும் சில வாரங்களாக நான் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் கடிதம் வந்ததால் அதற்கு இப்படி நீளமாகப் பதில் எழுதுகிறேன். வேறு நேரத்தில் வந்திருந்தால் நான்கு வரியில் முடித்திருப்பேன்.

குடும்பப் பிணைப்பு தளர்ந்த நாடு என்கிறீர்கள். இதை எங்கிருந்து எடுத்தீர்கள் என்று தெரியவில்லை. நீங்கள் படித்த அந்தப் பாதியிலேயே தாத்தா, பாட்டி, பெற்றோர், மூன்று அண்ணன்கள் எல்லோரும் கார்டன் குரோவ் என்ற ஊரில் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள், ஞாயிறு தவறாமல் மார்மன் தேவாலயத்துக்குப் போகிறார்கள், மகள் தாயின் முகத்தைப் பார்த்தே அன்றைய நாளின் வானிலையைத் தெரிந்துகொள்கிறாள். பிணைப்பு தளர்ந்திருந்தால் அந்தப் பெண் தப்பித்திருப்பார். தளரவே இல்லை என்பதுதான் புத்தகத்தின் பொருள். கையில் இருக்கும் புத்தகத்தைப் படிக்காமல், அதைப் பற்றி நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் அபிப்பிராயத்தைப் படிக்கிற வழக்கம் நம் வாசகர்களுக்கு எப்போது போகும்?

புத்தகத்தின் முதல் காட்சியை நினைத்துப் பாருங்கள். தாய் நினைவிழந்து மருத்துவமனைப் படுக்கையில் கிடக்கிறார். பிள்ளைகள் ஒவ்வொருவராக அருகில் போய், கேட்டால் அம்மா கண் விழித்துவிடுவார் என்று நம்பி, தங்களிடம் உள்ள மிகச் சிறந்த செய்தியை அவர் காதில் சொல்கிறார்கள். மகளின் முறை வருகிறது. தன்னிடம் இருப்பதிலேயே மிகப் பெரிய செய்தி என்று அவர் எதைச் சொல்கிறார்? தன் எடை 89 பவுண்டுக்கு இறங்கிவிட்டது என்பதை. நம் கணக்கில் ஏறத்தாழ நாற்பது கிலோ. அப்போது அவருக்கு வயது 21. உலகின் பல நாடுகளில் குழந்தைகள் பெயர் சொல்லி அழைக்கும் நடிகை. அம்மாவை உயிர்ப்பிக்கும் மந்திரமாக அவரிடம் இருந்தது தன் உடல் மெலிந்த செய்தி ஒன்றுதான். இந்தக் காட்சியைத் தாண்டிப் பாதிவரை போன நீங்கள், தலைப்பைப் பார்த்துத்தான் அதிர்ச்சி அடைந்தீர்கள் என்பதை நான் நம்பவில்லை.

ஜெனட் மெக்கர்டி 1992-இல் பிறந்தவர். அவருக்கு இரண்டு வயது இருக்கும்போதே தாய் டெப்ராவுக்கு மார்பகப் புற்றுநோய் வந்து, சிகிச்சையில் குணமாகியது. அந்த வீட்டில் எந்தப் பொருளையும் தூக்கி எறிய டெப்ரா விடமாட்டார். படுக்கையறைகள் பொருள்களால் நிரம்பிவிட்டதால் பிள்ளைகள் கூடத்தில் பாய் விரித்துத் தூங்கினார்கள். பணத்தட்டுப்பாடு அங்கே நிரந்தரமாகக் குடியிருந்தது. டெப்ராவுக்கு இளமையில் நடிகையாகும் ஆசை இருந்தது. அவருடைய பெற்றோர் விடவில்லை. மகளுக்கு ஆறு வயதானதும் நடிக்க அழைத்துப் போனார். முதலில் கூட்டத்தில் ஒருவராக நிற்கும் வேலை, பிறகு ஓரிரு வசனம், பிறகு 'மால்கம் இன் தி மிடில்', 'லா அண்ட் ஆர்டர்' போன்ற தொடர்களில் ஒரு பகுதிக்கு வந்து போகும் விருந்தினர் வேடங்கள், பிறகு 2007-இலிருந்து 2012 வரை நிக்கலோடியனில் 'ஐகார்லி'. நடுவில் நாஷ்வில்லில் நாட்டுப்புற இசைப் பாடகியாக்கும் முயற்சி ஒன்றும் நடந்தது. அடுத்து அரியானா கிராண்டேயுடன் 'சாம் அண்ட் கேட்', அது 2014-இல் நின்றது. இணையத் தொடர் ஒன்று. அதன்பின் நடிப்பையே விட்டு எழுதவும் இயக்கவும் போய்விட்டார். பட்டியல் இவ்வளவுதான்; தகவல் பக்கங்களில் இதைவிட விரிவாகக் கிடைக்கும்.

எனக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பட்டியலின் தொடக்கத்தில் உள்ள ஒரு திறமை. அந்தக் குழந்தைக்கு அழத் தெரியும். கேமரா முன்னால், கேட்ட நொடியில், கண்ணீர் கன்னத்தில் உருளும்படி அழத் தெரியும். குழந்தை நடிகர்களைத் தேர்வு செய்பவர்கள் இதைத்தான் தேடுகிறார்கள். மருத்துவமனைத் தொடர்களிலும் காவல்துறைத் தொடர்களிலும் வாரத்துக்கு ஒரு குழந்தை கடத்தப்பட வேண்டும், நோயில் விழ வேண்டும், தாயை இழக்க வேண்டும். அந்தக் குழந்தை ஒவ்வொரு டேக்கிலும் புதிதாக அழ வேண்டும். ஆறேழு வயதுக் குழந்தையிடம் பெரியவர்களின் நடிப்புப் பயிற்சி இருக்காது. இருப்பது தன் வீட்டு மனிதர்கள் மட்டும்தான். அவர்களில் ஒருவருக்குக் கெடுதல் நேர்ந்ததாக நினைத்துக்கொண்டால் கண்ணீர் வரும். மெக்கர்டி அப்படித்தான் வரவழைத்தார். சாவு ஏற்கெனவே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போன வீட்டுக் குழந்தை அவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அம்மா இறந்துவிடுவாளோ என்பது அந்தக் குழந்தையின் நிஜமான பயம். அந்தப் பயத்தின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு அழுதால், அதற்கு வேலை கிடைக்கிறது, சம்பளம் கிடைக்கிறது, தேர்வு அறையிலிருந்து வெளியே வரும்போது அம்மாவின் முகம் மலர்ந்திருக்கிறது. இதை 'இயல்பான நடிப்பு' என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். குழந்தைகளின் நடிப்பைப் பற்றி எழுதும்போது இந்தச் சொற்றொடரை யாராவது பயன்படுத்தினால் எனக்கு எரிச்சல் வருகிறது. அதில் இயல்பு எங்கே இருக்கிறது? அது உழைப்பு. எந்தச் சரக்கை எடுத்து விற்கிறோம் என்பதே தெரியாத ஒருவரின் உழைப்பு.

இதே திறமைதான் ஒரு நாள் அவருக்கு வராமல் போகிறது. அழ முடியவில்லை. காரில் அம்மாவிடம் இனி நடிக்க விரும்பவில்லை என்று சொல்கிறார். டெப்ரா உடைந்து அழுகிறார். நடிப்புதான் உனக்கு உலகத்திலேயே பிடித்த விஷயம் என்கிறார். மகள் உடனே சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். காருக்குள் இரண்டு பேர். அழ வேண்டிய தொழிலில் இருப்பவர் குழந்தை, அழுது காரியத்தை முடித்துக்கொள்பவர் தாய். இந்த ஒரு பக்கத்துக்காகவே அவரை நான் எழுத்தாளர் என்று ஒப்புக்கொள்வேன். எந்த விளக்கமும் கொடுக்காமல் அடுத்த அத்தியாயத்துக்குப் போய்விடுகிறார்.

பதினோரு வயதில் மார்பு வளரத் தொடங்குவதைக் கண்டு பயந்து அம்மாவிடம் கேட்கிறார். அதை நிறுத்த வழி உண்டு என்று டெப்ரா கலோரிக் கணக்கைக் கற்றுக்கொடுக்கிறார். வயதைவிடச் சிறியவளாகத் தெரியும் குழந்தைக்கு வேடங்கள் அதிகம் கிடைக்கும் என்ற தொழில் நியாயம் இதன் அடியில் இருக்கிறது. உருவத்தில் ஏழு வயதாகவும் புத்தியில் பதினோரு வயதாகவும் இருக்கும் குழந்தையால் நீண்ட நேரம் வேலை செய்ய முடியும், சொன்னதைப் புரிந்துகொள்ளவும் முடியும் என்பதால் தயாரிப்பாளர்கள் அப்படிப்பட்டவரைத்தான் விரும்புவார்கள். இருவரும் சேர்ந்து உணவை அளந்தார்கள். பசியிலிருந்து தொடங்கிய நோய் பிறகு உண்டதை வாந்தி எடுக்கும் நோயாகி, இருபதுகளின் நடுப்பகுதிவரை அவரை விடவில்லை. இந்தப் பெண்ணுக்கு 'ஐகார்லி'யில் கொடுத்த பாத்திரத்தின் நிரந்தரமான நகைச்சுவை என்ன என்று உங்களுக்கு நினைவிருக்கும். சாம் எப்போதும் தின்றுகொண்டே இருப்பாள். பன்றித் தொடை, பொரித்த கோழி, நண்பர்களின் குளிர்பெட்டியில் இருப்பவை எல்லாம் அவளுடையவை. நாங்களும் வீட்டில் குழந்தைகளோடு உட்கார்ந்து அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறோம். எலும்பைக் கடித்து இழுக்கும் அந்தச் சிறுமியைப் பார்த்து, இவள் நன்றாகச் சாப்பிடும் குழந்தை என்று என் மனைவி சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

இப்போது நான் படித்துக்கொண்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். சாப்ளினின் 1921-ஆம் ஆண்டுப் படமான 'தி கிட்' படத்தில் நடித்த ஜாக்கி கூகனை உங்களுக்குத் தெரிந்திருக்கும். குழந்தையாக அவர் சம்பாதித்தது முப்பது, நாற்பது லட்சம் டாலர் என்று மதிப்பிடுகிறார்கள். 21 வயதானதும் பணத்தைக் கேட்டார். தாயும் மாற்றுத் தந்தையும் செலவழித்துவிட்டிருந்தார்கள். 1938-இல் அவர்கள்மேல் வழக்குப் போட்டார். கடைசியில் கைக்கு வந்தது 1,26,000 டாலர். குழந்தையின் சம்பாத்தியம் பெற்றோருடையது என்பது அன்றைய சட்டம். அந்த வழக்கு கிளப்பிய கொந்தளிப்பில் குழந்தை நடிகரின் வருமானத்தில் ஒரு பகுதியை அவருக்கென்றே ஒதுக்கிவைக்கச் சொல்லும் கூகன் சட்டத்தை 1939-இல் கலிபோர்னியா இயற்றியது. (கூகன் பிற்காலத்தில் 'ஆடம்ஸ் ஃபேமிலி' தொடரில் மொட்டைத்தலை ஃபெஸ்டர் மாமாவாக வந்தார். இன்றைய பிள்ளைகள் பார்க்கும் 'வெட்னஸ்டே' அதே குடும்பத்தின் கதைதான்.) அந்தச் சட்டத்தில் ஓட்டைகள் இருந்தன. நீதிமன்றம் அங்கீகரித்த ஒப்பந்தங்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. முப்பதுகளின் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் முப்பது லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்து, வளர்ந்தபின் பார்த்தபோது மிஞ்சியிருந்தது 44,000 டாலர். தொலைக்காட்சியில் குழந்தை நட்சத்திரமாக இருந்த கேரி கோல்மன் 1989-இல் தன் பெற்றோர்மீது வழக்குத் தொடுக்க வேண்டியிருந்தது. 2000-ஆவது ஆண்டில்தான் சட்டத்தைத் திருத்தி, குழந்தையின் வருமானம் குழந்தையுடைய சொத்து என்றும், மொத்த வருமானத்தில் நூற்றுக்குப் பதினைந்து பங்கைப் பெற்றோர் தொட முடியாத கணக்கில் போட வேண்டும் என்றும் ஆக்கினார்கள்.

நேரத்துக்கும் விதிகள் உண்டு. ஒன்பதிலிருந்து பதினைந்து வயதுவரை உள்ள குழந்தை பள்ளி நாளில் ஒன்பது மணி நேரம்தான் படப்பிடிப்பில் இருக்கலாம். அதில் வேலை ஐந்து மணி நேரம், படிப்பு மூன்று மணி நேரம், ஓய்வு ஒரு மணி நேரம். பிறந்து ஆறு மாதம் ஆகாத சிசுவின் வேலை நேரம் இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. படப்பிடிப்பின் பலமான விளக்கொளியில் ஒரே தடவையில் முப்பது விநாடிக்கு மேல் காட்டக் கூடாது. இரட்டைக் குழந்தைகளை ஒரே வேடத்தில் மாற்றி மாற்றி நடிக்கவைக்கும் வழக்கத்துக்கு இதுவே காரணம். 'ஃபுல் ஹவுஸ்' தொடரின் கைக்குழந்தையாக ஓல்சன் சகோதரிகள் வந்தது அப்படித்தான். ஸ்டுடியோ ஆசிரியர் என்றொருவர் தளத்தில் இருக்க வேண்டும். பாடம் சொல்லிக் கொடுப்பதோடு குழந்தையின் உடல், மன நலனுக்கும் அவரே பொறுப்பு. ஆபத்து என்று பட்டால் குழந்தையைத் தளத்திலிருந்து விலக்க அவருக்கு அதிகாரம் உண்டு. இவை எல்லாம் நல்ல விதிகள். அமெரிக்காவின் 1938-ஆம் ஆண்டு மத்தியத் தொழிலாளர் சட்டம் குழந்தை நடிகர்களைத் தன் வரம்பிலிருந்தே விலக்கி வைத்திருக்கிற நிலையில், கலிபோர்னியா இவ்வளவு செய்ததே பெரிது.

ஆனால் இன்னொரு விதி இருக்கிறது. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை வேலை செய்யும்போது பெற்றோரோ காப்பாளரோ கண்ணுக்கோ காதுக்கோ எட்டும் தூரத்தில் இருந்தே ஆக வேண்டும். இதைப் படித்தபோது நான் படித்துக்கொண்டிருந்ததை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். டெப்ரா மெக்கர்டி இந்த விதியை ஒருநாளும் மீறியவர் அல்லர். எல்லாத் தேர்வுகளுக்கும் கூடவே போனார்; தளத்தில் எப்போதும் எட்டும் தூரத்தில் இருந்தார்; வசனம் பேசும்போது மகள் முகத்தில் என்ன வர வேண்டுமோ அதைத் தன் முகத்தில் காட்டிக்கொண்டு நின்றார். மகளை வீட்டிலேயே படிக்க வைத்தார். மகளின் மின்னஞ்சலும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. சட்டம் கேட்ட காவலை அவரைவிட விசுவாசமாகச் செய்த தாய் ஒருவர் இருந்திருக்க மாட்டார். மகளுக்கு ஆபத்து அந்தக் காவலின் உள்ளேதான் இருந்தது. ஓர் ஆய்வாளர் ஒவ்வொரு நாளும் தளத்துக்கு வந்து சரிபார்த்திருந்தாலும், நேரம் சரி, படிப்பு சரி, கணக்கு சரி, தாய் அருகில் இருக்கிறார், அதுவும் சரி என்றுதான் கையெழுத்துப் போட்டிருப்பார். மதிய உணவுத் தட்டில் இலைகள் மட்டும் கிடந்ததைப் பார்த்திருந்தாலும் நடிகை, உடம்பைப் பார்த்துக்கொள்கிறாள் என்று நினைத்திருப்பார்.

நான் பல காலமாகச் சொல்லிவருவது இதுதான், உங்களுக்குச் சலித்தாலும் மறுபடி சொல்கிறேன். ஒரு குடும்பத்தின் அடுப்பு ஒரு குழந்தையின் வருமானத்தில் எரியத் தொடங்கிவிட்டால், அந்தக் குடும்பத்தில் அந்தக் குழந்தைக்காகப் பேசக்கூடியவர் எவரும் மிஞ்சுவதில்லை. அப்பா, அம்மா, அண்ணன், மாமா எல்லோரும் கைநீட்டும் பக்கத்தில் நிற்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லும் உரிமை காகிதத்தில் இருக்கலாம். ஆனால் தான் வேண்டாம் என்றால் வீட்டில் என்ன நின்றுபோகும் என்று தெரிந்த ஒன்பது வயதுக் குழந்தை அதைப் பயன்படுத்தாது. கூகனின் தாய் பணத்தை எடுத்துக்கொண்டார், அதற்குச் சட்டம் வந்தது. டெப்ரா பணத்தைத் திருடியதாக மகள் குற்றம் சாட்டவில்லை. அவர் எடுத்துக்கொண்டது வேறு. தான் வாழ முடியாமல் போன வாழ்க்கையை மகளின் உடம்பில் வாழ்ந்தார். அதை முழுமையான அன்போடு செய்தார். நீங்கள் பாதியில் மூடியதற்கு அந்த அன்புதான் காரணம் என்று நினைக்கிறேன். கொடுமைக்காரத் தாயாக இருந்திருந்தால் சுலபமாகப் படித்து முடித்திருப்பீர்கள்.

உடனே சிலர் எனக்கு எழுதுவார்கள்: சிறுவயதில் நடித்து, படித்து, நன்றாகவே வளர்ந்தவர்கள் இல்லையா என்று. இருக்கிறார்கள். பட்டியல் அனுப்ப வேண்டாம்.

இந்த ஆண்டுகளில் சட்டம் இன்னும் ஓரடி நகர்ந்திருக்கிறது. குடும்பக் காணொளிகளில் காட்டப்படும் பிள்ளைகளுக்கு வருமானத்தில் பங்கு ஒதுக்க வேண்டும் என்ற சட்டம் இல்லினாயில் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கலிபோர்னியா ஆளுநரும் அதுபோன்ற சட்டங்களில் கையெழுத்திட்டார். நல்லது. ஆனால் மறுபடியும் பணக்கணக்குதான். படப்பிடிப்புத் தளத்திலாவது ஓர் ஆசிரியர் இருந்தார், மணி பார்க்க ஒருவர் இருந்தார். சமையலறையில் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருக்கும் தாயின் பக்கத்தில் மணி பார்க்க யார் இருக்கிறார்கள்? அழுகிற குழந்தையை அணைத்துக்கொள்வதற்கு முன்னால் படம் பிடிக்கிற கணத்தை எந்த ஆய்வாளர் போய்ப் பார்ப்பார்?

உங்கள் கேள்விக்கு வருகிறேன். நடுவில் மறந்தே போய்விட்டது. இறந்தவர் பதில் சொல்ல முடியாது என்கிறீர்கள். உயிரோடு இருந்தபோது டெப்ரா மட்டுமே பேசினார், மகள் கேட்டுக்கொண்டிருந்தார். 2011-இல், அம்மாவின் புற்றுநோய்ப் போராட்டத்தைப் போற்றி அதே மகள் 'வால் ஸ்ட்ரீட் ஜர்னல்' நாளிதழில் கட்டுரை எழுதியிருக்கிறார். பொய்யாக எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. அப்போது அவரிடம் இருந்த சொற்கள் அம்மாவுடையவை. டெப்ரா இறந்தது 2013-இல். புத்தகம் வந்தது 2022-இல். நடுவில் உள்ள ஆண்டுகளில் மனநல சிகிச்சைக்குப் போனார். அம்மா செய்ததற்கு வேறொரு பெயர் இருக்கிறது என்று முதல் மருத்துவர் மெதுவாகச் சொன்னபோது, அவரிடம் போவதையே நிறுத்தினார். பின்பு வேறொருவரிடம் போனார். அவசரப்பட்டு எழுதிய புத்தகம் இல்லை அது. தாயை இழந்தவர்களைப் புண்படுத்துவதற்காக வைத்த தலைப்பும் இல்லை. அந்தத் தாய் உயிரோடு இருந்திருந்தால் தான் இன்னும் பசியோடுதான் இருந்திருப்பேன் என்கிற கணக்கை அவர் ஒளிக்காமல் போட்டிருக்கிறார். அவ்வளவே. அம்மாவை அவர் நேசிக்கவில்லை என்று புத்தகத்தில் ஒரு வரியும் கிடையாது.

அது 'முன்', 'பின்' என்று இரண்டு பகுதிகளாக இருக்கும் புத்தகம். நீங்கள் நிறுத்திய இடம் 'முன்' முடிகிற இடமாகத்தான் இருக்க வேண்டும். இப்போதே படிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தமாட்டேன். உங்கள் அம்மாவின் ஆண்டுத் திதி முடியட்டும், தோழியிடம் சொல்லிப் புத்தகத்தை இன்னும் சில மாதம் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் பகுதியைப் படித்தபின் மறுபடி எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் அறத்தை விட்டுவிட்டு உங்கள் அம்மாவைப் பற்றி எழுதினால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி.